ஜெனீவாவுக்கு அறிக்கை அனுப்பும் முன்: நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

ஜெனீவாவில் இருக்கும் ஐநா மனித உரிமை கவுன்சிலில் யூபிஆர் என்று ஒன்று நடக்கிறது. உலகளாவிய காலமுறை மீளாய்வு என்று தமிழில் சொல்கிறோம். 193 நாடுகளும், பெரியது சின்னது என்ற வித்தியாசம் இல்லாமல், நாலரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மற்ற நாடுகளுக்கு முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். இந்தியா 2008, 2012, 2017, 2022 என்று நான்கு முறை உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் நம் ஊர் மக்கள் அமைப்புகள் இங்குள்ள மனித உரிமை நிலைமை பற்றி இராத்திரி பகலாக உழைத்து அறிக்கை அனுப்புகின்றன, அதில் எவ்வளவோ உழைப்பு யார் கண்ணிலும் படாமலே போய்விடுகிறது. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, ஏனென்றால் கொஞ்சம் முன்யோசனை இருந்தால் தவிர்க்கக்கூடிய தவறுகள்தான் பெரும்பாலும் அதற்குக் காரணம்.

முதல் தவறு, இதைக் கோர்ட் என்றோ கலெக்டர் ஆபீஸ் மனுநாள் என்றோ நினைத்துக்கொள்வது. ஜெனீவாவில் நம் வழக்கை எடுத்து விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல யாரும் இல்லை. கேள்வி கேட்பதும் பரிந்துரை செய்வதும் மற்ற நாட்டு அரசுகள். மொத்த நேரம் மூன்றரை மணி, அதில் 70 நிமிடம் பதில் சொல்லும் நாட்டுக்குப் போய்விடும், மிச்சம் 140 நிமிடம். 2022 நவம்பர் 10 அன்று இந்தியாவின் மீளாய்வில் 130 நாடுகள் பேசின. வகுத்துப் பாருங்கள், ஒரு நாட்டுக்கு ஒரு நிமிடமும் சில விநாடிகளும். அதற்குள் அந்தத் தூதர் வணக்கம் சொல்லி, ஒன்றிரண்டைப் பாராட்டி, இரண்டு மூன்று பரிந்துரை படித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். நாம் எழுதுவதெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்குள் அவர் வாயிலிருந்து வரவேண்டிய ஒன்றிரண்டு வரிக்காகத்தான். இது மனதில் பதிந்துவிட்டால் மற்ற தவறுகளில் பாதி தானாகவே குறைந்துவிடும்.

இரண்டாவது, நேரம். செய்தித்தாளில் ‘இந்தியா மீது ஐநா மீளாய்வு’ என்று தலைப்பு வந்த பிறகு என்னிடம் போன் செய்து ‘தோழர், எங்க ஊர் பிரச்சனையையும் சேர்க்க முடியுமா?’ என்று கேட்டவர்கள் பலர். முடியாது. அமைப்புகளின் அறிக்கைக்கான கடைசித் தேதி மீளாய்வுக்கு ஆறேழு மாதம் முன்பே முடிந்திருக்கும், தாமதமாக வருவதை எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள். ஆகவே வேலை குறைந்தது ஒரு வருடம் முன்பே தொடங்க வேண்டும், அதற்கும் முன்பே எப்ஐஆர் நகல், ஆர்டிஐ பதில் எல்லாம் கையில் சேர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

சரி, எழுத உட்கார்ந்தாச்சு. இங்கேதான் அடுத்த சறுக்கல். தனி அமைப்பு அனுப்பினால் 2,815 சொல், பல அமைப்புகள் சேர்ந்து அனுப்பினால் 5,630 சொல், இதுதான் வரம்பு. நம்மவர்கள் கையில் இருப்பதோ உண்மையறியும் குழு அறிக்கை, அறுபது எழுபது பக்கம். அதை அப்படியே சுருக்கி, முன்னுரையில் அரசியல் சாசனம், அடுத்து இரண்டு பக்கம் வரலாறு, கடைசிப் பத்தியில்தான் நாம் என்ன கேட்கிறோம் என்பது வரும். ஐநா அலுவலகம் எல்லா அமைப்புகளின் அறிக்கைகளையும் சேர்த்து வெறும் 10 பக்கத் தொகுப்பாகச் சுருக்குகிறது, அதுதான் அரசின் அறிக்கையோடு சேர்ந்து அதிகாரபூர்வமாக மேசைக்கு வருகிறது. முன்னுரையில் இருக்கும் எதுவும் அந்தச் சுருக்கத்தில் பிழைக்காது. நாமே நேரில் பார்த்தது, நாமே சேகரித்தது, இவை மட்டும் போதும், பத்திரிகைச் செய்தியையும் மற்ற அமைப்புகளின் அறிக்கையையும் வெட்டி ஒட்டுவதை அவர்கள் விரும்புவதும் இல்லை. சின்ன அமைப்புகள் தனித்தனியாக ஒரே விஷயத்தை அனுப்புவதைவிட நாலைந்து பேர் சேர்ந்து ஒன்றாக அனுப்பினால் கனம் கூடும். பெயர் யாருடையது முதலில் வரவேண்டும் என்ற சண்டையில் ஒரு கூட்டறிக்கை உடைந்ததை நானே பார்த்திருக்கிறேன், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு பரிந்துரையை எழுதும் விதம். மலக்குழி மரணங்களை எடுத்துக்கொள்வோம். நம் வரைவில் வழக்கமாக வருவது: ‘கையால் மலம் அள்ளும் கொடுமையை இந்திய அரசு உடனடியாக ஒழிக்க வேண்டும்.’ இதில் தப்பான வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு தூதர் இதை அப்படியே வாசித்தால் அரசுக்கு அது ரொம்ப வசதி. ‘ஏற்றுக்கொள்கிறோம், அதற்காக 2013லேயே சட்டம் கொண்டு வந்துவிட்டோமே’ என்று சொல்லிவிட்டு அடுத்த நாட்டுக்குப் போய்விடலாம். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘கழிவுநீர்க் குழாயிலோ மலக்குழியிலோ இறங்கி ஒருவர் இறந்த ஒவ்வொரு சம்பவத்திலும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிய வேண்டும். பதிந்த வழக்கு எத்தனை, தண்டனை எத்தனை, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்ன 30 லட்சம் ரூபாய் இழப்பீடு எத்தனை குடும்பத்துக்குப் போனது என்பதை மாவட்ட வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.’ இதை ஏற்றுக்கொண்டால் அடுத்த சுற்றில் எண்ணிக்கையைக் காட்டியாக வேண்டும். பல ஊர்களில் போலீஸ் இதை வெறும் அஜாக்கிரதை மரணம் என்று முடித்துவிடுகிறது என்பது களத்தில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும், தூதருக்குத் தெரியாது. அந்த ஒரு விவரத்துக்காகத்தான் நாம் தேவைப்படுகிறோம்.

அப்புறம், நம் அறிக்கையை அனுப்பியதும் தூதர்கள் தேடி எடுத்துப் படிப்பார்கள் என்று நம்பிக் காத்திருப்பது. படிக்க மாட்டார்கள், அவர்களுக்கு அந்த வாரத்திலேயே வேறு நாடுகளும் இருக்கும். டெல்லியில் இருக்கும் தூதரகங்களுக்குப் போய், ஒரே பக்கத்தில், மூன்றே பரிந்துரையோடு பேச வேண்டும். எல்லாரும் பெரிய நாடுகளின் கதவையே தட்டுகிறார்கள். தன் சொந்த நாட்டில் அந்தப் பிரச்சனையில் கொஞ்சம் உழைத்திருக்கும் சின்ன நாடு பல சமயம் நம்மை இன்னும் அக்கறையாகக் கேட்கும்.

அறிக்கை அனுப்ப ஐநாவின் ஆலோசனை அந்தஸ்து (அமைப்புகளுக்கு ஐநா தரும் அங்கீகாரம்) வேண்டும் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிற கிராமத்து அமைப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வேண்டாம், யாரும் அனுப்பலாம். மீளாய்வின் முடிவைக் கவுன்சில் ஏற்கும் கூட்டத்தில் எழுந்து பேசத்தான் அந்த அந்தஸ்து தேவை, அங்கேயும் எல்லா அமைப்புகளுக்கும் சேர்த்து 20 நிமிடம்தான். அந்த அந்தஸ்து வாங்குவது லேசான காரியம் இல்லை. டென்மார்க்கிலிருந்து இயங்கும் சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு ஐநா குழுவில் இந்தியா எழுப்பிய ஓயாத கேள்விகளுக்கு நடுவே 15 வருடம் காத்திருந்து 2022 டிசம்பரில்தான் அதைப் பெற்றது. அதற்காக நாம் எழுதாமல் இருக்க வேண்டியதில்லை, அந்தஸ்து உள்ள அமைப்பு ஒன்றோடு சேர்ந்து பேசவும் வழி இருக்கிறது.

இனி சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது, தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். நாம் அனுப்பும் அறிக்கை ஐநா இணையதளத்தில் வெளியாகும், உள்ளூர் ஸ்டேஷனிலும் அதைத் திறந்து படிக்கலாம். பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர், ஊர், தெரு எல்லாம் போட்டு அனுப்பினால் அறிக்கைக்கு வலு வரும் என்று நினைக்கிறோம், விளைவை அனுபவிப்பது அவள். சாட்சி சொன்னவர்களுக்கு அறிக்கையைத் தமிழில் படித்துக் காட்டி, எது போகலாம், எது போகக்கூடாது என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். தமிழில் அனுப்பினால் அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் ஆங்கிலத்தில் எழுதுகிறோம், அதனாலேயே தங்கள் கதை எப்படிப் போகிறது என்று சம்பந்தப்பட்டவர்களுக்கே தெரியாமல் போகிறது. அறிக்கை எழுதுகிறவர்களுக்கும் ஆபத்து உண்டு. சீனாவின் மீளாய்வில் மக்கள் அமைப்புகளுக்கும் இடம் வேண்டும் என்று போராடிய ட்சாவ் ஷுன்லி, 2013 செப்டம்பரில் ஜெனீவா கிளம்பும்போது பெய்ஜிங் விமான நிலையத்தில் பிடிக்கப்பட்டார். காவலில் உடல்நிலை மோசமாகி 2014 மார்ச்சில் இறந்தார். சில நாள் கழித்து கவுன்சிலில் அவருக்காக ஒரு நிமிடம் மௌனம் கேட்டபோது சீனா ஆட்சேபித்தது. அரங்கில் இருந்த பலர் அவர் படத்தைப் பிடித்தபடி எழுந்து நின்றார்கள். பழிவாங்கல் நடந்தால் அதைப் பதிவு செய்யவும் ஐநாவில் வழி இருக்கிறது, மிரட்டல் வந்த அன்றே தேதி, நேரம், யார் வந்தார்கள் என்று குறித்து வையுங்கள்.

கடைசியாக, மீளாய்வு முடிந்ததும் கோப்பைக் கட்டி வைத்துவிடுவது. 2017இல் இந்தியாவுக்கு வந்த பரிந்துரைகள் 250, ஏற்றுக்கொண்டது 152. நாடுகள் பெரும்பாலும் ‘நிராகரிக்கிறோம்’ என்று சொல்வதில்லை, ‘கவனத்தில் கொண்டோம்’ என்றுதான் சொல்லும், எதை ஏற்றார்கள், எதை வெறுமனே கவனத்தில் கொண்டார்கள் என்பதைப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். சித்திரவதைக்கு எதிரான ஐநா உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்துப் போட்டது, ஆனால் அதற்குக் கட்டுப்படுவதாக ஏற்புறுதி செய்யவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் நாடுகள் இதைக் கேட்கின்றன. இடையில் 2020இல் சாத்தான்குளம் காவல் மரணங்கள் நடந்தன. ஏற்றுக்கொண்ட பரிந்துரைகளின் பட்டியலை எடுத்து, நம் வேலைக்குச் சம்பந்தப்பட்ட ஐந்தாறை மட்டும் பிரித்து, தமிழில் எழுதி, மாவட்ட ஆட்சியருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் நம் தொகுதி எம்எல்ஏவுக்கும் கொடுத்து, ‘இதை ஜெனீவாவில் நம் அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது, இந்த மாவட்டத்தில் என்ன நடந்திருக்கிறது?’ என்று எழுத்தில் கேட்கலாம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கடித நகலை அடுத்த சுற்றுக்கான கோப்பில் முதல் தாளாக வைத்துவிடுங்கள்.