குழந்தைகளின் ஸ்கேனில் கறுப்பாகத் தெரிந்தால் உடனே பதற வேண்டாம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து மதுரைக்கு ஸ்கேன் எடுக்க வரும் குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். ஓர் அப்பத்தா, பேரனின் எலும்பு ஸ்கேன் படத்தில் முழங்கால்களைத் தொட்டுக் காட்டி, "இந்தக் கறுப்பெல்லாம் என்ன தம்பி?" என்றார். குரல் நடுங்கியது. "அவன் வளர்ற இடம் அப்பத்தா" என்றேன்.

இந்த ஸ்கேனுக்கு முன் ஊசியில் கொஞ்சம் கதிரியக்க மருந்து போடுவோம்; அது அதிகம் சேரும் இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும். எலும்பின் முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டு, அந்த மருந்தை நிறைய இழுக்கும். பெரியவர்கள் படத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது நோயாகத் தோன்றும். கால் கோணலாக இருந்தால் அந்தத் தட்டு அகலமாக மங்கி, பக்கத்திலிருக்கும் உண்மையான கிருமித்தொற்றையும் மறைத்துவிடும். காலை நேராக வைத்து மறுபடி எடுத்தே ஆக வேண்டும். புது ஊசி தேவையில்லை. மருந்தில் இருக்கும் டெக்னீஷியம் என்ற தனிமத்தின் கதிர்வீச்சு பாதியாகவே 6 மணி நேரம் ஆகும். இரண்டு முழங்காலும் ஒரே மாதிரி இருக்கிறது என்று விட்டுவிடுவதும் தவறுதான். நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் பருவப் புற்றுநோய் சில சமயம் இருபுறமும் சமமாகவே பரவியிருக்கும். வளர்ச்சித் தட்டின் ஓரம் மங்காமல் கூர்மையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மருந்து சிறுநீரில்தான் வெளியேறும். டயப்பரில் ஒரு சொட்டு பட்டிருந்தாலும் இடுப்பெலும்பில் புள்ளி விழுந்ததுபோல் இருக்கும். துடைத்து, டயப்பரை மாற்றி எடுத்தால் புள்ளி காணாமல் போய்விடும்.

சிறுநீரக ஸ்கேனுக்கு வரும்போது, வழியில் வண்டியை நிறுத்த வேண்டியிருக்குமே என்று தண்ணீர் கொடுக்காமல் கூட்டி வருகிறார்கள். தண்ணீர் குறைந்தாலும், சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தாலும், இல்லாத அடைப்பு இருப்பதுபோல் தெரியும். சிறுநீரகத் தழும்பைத் தேடும் டிஎம்எஸ்ஏ ஸ்கேனில் காய்ச்சல் வந்த தேதி முக்கியம். தொற்று நேரத்து வீக்கமும் தழும்பும் ஒன்றுபோலவே தெரியும். நிலையான தழும்பா என்று அறிய 4 முதல் 6 மாதம் பொறுக்க வேண்டும்.

சர்க்கரை போன்ற மருந்தை ஊசியில் போட்டு, அது எங்கே சேர்கிறது என்று பார்க்கும் பெட் ஸ்கேன் என்றால் வேறு கவனம். காரில் ஏசியைக் கூட்டி வைத்தால், குளிரில் கழுத்துப் பக்கத்துப் பழுப்புக் கொழுப்பு (உடம்புக்குச் சூடு தரும் கொழுப்பு) மருந்தை இழுத்து, நெறிகட்டிபோல் காட்டும். போர்வை போர்த்திக் கூட்டி வாருங்கள். பசிக்கிறானே என்று ஒரு பணியாரம் ஊட்டினாலும் மருந்து தசைக்குப் போய்விடும்.

அப்புறம், போன வாரம் திண்ணையிலிருந்து விழுந்தானா? யாராவது திட்டுவார்கள் என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எலும்பில் சின்ன விரிசலும் படத்தில் கறுப்பாகத்தான் தெரியும்.