தனியாகக் கவுன்சலிங் தொடங்குகிறீர்களா? கிளையண்ட் விவரங்களை வைத்துக்கொள்ளும் முறை, படிப்படியாக

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் அறை எடுத்துத் தனியாகத் தொழில் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு மதியம் கீழே ‘மாமாக்’ உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கைப்பேசி மேசைமேல் மல்லாந்து கிடந்தது. அழைப்பு வந்தது. எதிரே இருந்த என் மாமா மகள் திரையைப் பார்த்துவிட்டு, “இது நம்ம செந்தூல் பொண்ணுல்ல? அவளுக்கா டிப்ரெஷன்?” என்றாள்.

அந்த எண்ணை நான் சேமித்து வைத்திருந்த லட்சணம் அப்படி: பெயர், பக்கத்திலேயே ‘டிப்ரெஷன், புதன் 3 மணி’.

கோலாலம்பூரில் தமிழர்களுக்குள் யாருக்கு யார் உறவு என்று கண்டுபிடிக்க இரண்டு கேள்வி போதும். நம் தொழிலில் ரகசியம் வெளியே போவது பெரும்பாலும் இப்படித்தான். கணினித் திருடன் எல்லாம் அப்புறம். பட்டம் முடித்து, லைசென்ஸ் வாங்கி, இனி தனியாக உட்காரலாம் என்று நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக, நான் அடிபட்டுக் கற்றதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: உங்களிடம் என்னென்ன இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிளையண்ட் முதல் அழைப்பு செய்ததிலிருந்து ரசீது வாங்கிப் போகும்வரை அவருடைய விவரம் எங்கெல்லாம் தங்குகிறது என்று எழுதுங்கள். வாட்ஸ்அப், கைப்பேசி காலண்டர், பதிவுப் படிவம், நோட்டுப் புத்தகம், வங்கிச் செயலியில் பணம் வந்த வரி, மின்னஞ்சல். எழுதும்போதுதான் தெரியும். எனக்குப் பதினோரு இடம் வந்தது. அதில் நான்கு தேவையே இல்லாதவை.

அடுத்து, ஒவ்வொரு விவரத்தையும் ‘இது எனக்கு எதற்கு?’ என்று கேளுங்கள். அடையாள அட்டை எண்ணையே எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் எந்தப் படிவமானாலும் கை தானாக ‘ஐசி நம்பர்’ என்று ஒரு கட்டம் போட்டுவிடும். அந்தப் பன்னிரண்டு இலக்கத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதல் ஆறு, பிறந்த தேதி. அடுத்த இரண்டு, பிறந்த இடம்: 14 என்றால் கோலாலம்பூர், 10 என்றால் சிலாங்கூர், 07 என்றால் பினாங்கு. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பெயரே இல்லாவிட்டாலும் பாதி ஆளைச் சொல்லிவிடும் எண் அது. வெறும் கவுன்சலிங்குக்கு எனக்கு அது தேவைப்பட்டதில்லை. படிவத்தில் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டேன். சமூக நல இலாகா உதவிக்கோ தாமதப் பிறப்புப் பதிவுக்கோ விண்ணப்பிக்கும் குடும்பங்களிடம் மட்டும், அந்த வேலைக்காக மட்டும் வாங்குகிறேன்.

படி 2: சட்டம் என்ன சொல்கிறது, சுருக்கமாக

மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010. எண் 709. 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. 2024இல் திருத்தப்பட்டு, திருத்தங்கள் 2025இல் கட்டம் கட்டமாக அமலுக்கு வந்தன. ஒரே ஒருவர் நடத்தும் தொழில் என்று இதில் விலக்கு எதுவும் கிடையாது. காசு வாங்கிச் சேவை செய்கிறீர்கள் என்றால் நீங்களும் உள்ளேதான்.

ஒருவருடைய உடல்நலம், மனநலம், மத நம்பிக்கை, அரசியல் கருத்து, குற்றம் செய்தது அல்லது செய்ததாகச் சொல்லப்படுவது, இவையெல்லாம் ‘உணர்திறன் மிக்க’ தரவு. பட்டியலைப் படித்தால் நம் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும். இந்த வகைக்கு வெளிப்படையான ஒப்புதல் வேண்டும். இந்தச் சட்டத்தின் கோட்பாடுகளை மீறினால் அபராதம் பத்து லட்சம் ரிங்கிட் வரை, சிறை மூன்று ஆண்டு வரை.

இந்தச் சட்டம் வணிகப் பரிமாற்றங்களுக்கானது. நான் கட்டணம் இல்லாமல் பார்க்கும் குடும்பங்கள் இதற்குள் வருமா என்று வாதாடலாம். நான் வாதாடுவதில்லை. காசு கொடுப்பவருக்கு ஒரு பூட்டு, கொடுக்க முடியாதவருக்கு ஒரு பூட்டு என்று வைத்தால் எனக்கே குழம்பிவிடும்.

இன்னொன்று. தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும் என்று யாராவது பயமுறுத்தி, ‘பேக்கேஜ்’ விற்க வருவார்கள். உணர்திறன் மிக்க தரவு என்றால் பத்தாயிரம் பேரைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சு. நீங்கள் இன்னும் பத்துப் பேரைத் தாண்டவில்லை.

படி 3: அறிவிப்பும் ஒப்புதலும்

எதற்காக விவரம் வாங்குகிறீர்கள், யாரிடம் கொடுக்க நேரலாம், எதைத் தராமல் இருக்கலாம், தராவிட்டால் என்ன ஆகும், தன் விவரத்தைப் பார்க்கவோ திருத்தவோ யாரைக் கேட்க வேண்டும், எல்லாம் அடங்கிய ஓர் அறிவிப்பை எழுத்தில் தர வேண்டும். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். தமிழில் ஒன்று என்பது என் சேர்க்கை. அறுபது வயது அம்மா ஒருவர் மலாய்ப் படிவத்தைப் படிக்காமலேயே, “எங்க சைன் பண்ணணும், சொல்லுங்க” என்று பேனாவைத் திறந்தார். அதை ஒப்புதல் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியவில்லை. அன்று ராத்திரியே தமிழ்ப் படிவம் எழுதினேன். ஒரு பக்கம், பெரிய எழுத்து.

பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்துப் போட வேண்டும். அப்போதே, பிள்ளை எதிரிலேயே, எதைப் பெற்றோரிடம் சொல்வேன், எதைச் சொல்ல மாட்டேன் என்று பேசி முடித்துவிடுங்கள்.

ரகசியம் எங்கே முடிகிறது என்பதும் படிவத்தில் இருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு, அப்புறம் குழந்தைகள்மீதான பாலியல் குற்றம். 2017இல் வந்த சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டத்தின்படி, அப்படியொன்று தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதே குற்றம். ஐயாயிரம் ரிங்கிட் வரை அபராதம். இதைப் பிற்பாடு சொன்னால் ஏமாற்றியது போல ஆகும். முதல் நாளே சொல்லுங்கள்.

படி 4: பெயரை நோட்டிலிருந்து பிரியுங்கள்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த படி. செலவு பத்து ரிங்கிட்டுக்குள்.

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். அது ‘சாவி நோட்டு’. அதில் மட்டும் பெயர், தொலைபேசி எண், அவசரத்துக்கு யாரை அழைப்பது, எதிரே ஒரு கோப்பு எண்: 2025-014 என்பது மாதிரி. அவர் சம்பந்தப்பட்ட மற்ற எல்லாத் தாளிலும் அந்த எண்தான். சாவி நோட்டு ஒரு பூட்டில், கோப்புகள் வேறு பூட்டில். முடிந்தால் வேறு அறையில். ஒன்று தொலைந்தாலும் கண்டெடுத்தவருக்குப் பெரிதாக எதுவும் புரியாது.

எழுதும் முறையையும் மாற்றுங்கள். கிளையண்ட் தன் மாமியாரைப் பற்றி, அலுவலக மேலாளரைப் பற்றி, ஓடிப்போன தங்கையைப் பற்றி எல்லாம் சொல்வார். அவர்கள் யாரும் நம் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. ‘மாமியார்’ என்றே எழுதுங்கள், பெயர் வேண்டாம். என் பழைய நோட்டில் இப்படி ஒரு வரி இருந்தது: ‘கணவர் (பெயர், வேலை செய்யும் பேங்க் கிளை) வெள்ளிக்கிழமை குடித்துவிட்டு வந்து பிரச்சினை.’ இப்போது எழுதினால்: ‘வெள்ளி இரவு வீட்டில் சண்டை. தூக்கம் இல்லை. பாதுகாப்புத் திட்டம் பேசினோம்.’ அடுத்த வாரம் நான் தொடர்வதற்கு இது போதும். நோட்டை நீதிமன்றம் கேட்டால் கொடுக்க வேண்டி வரலாம், கிளையண்டே கேட்டுப் படிக்கவும் உரிமை உண்டு. எழுதும்போது அந்த இருவரும் தோளுக்குப் பின்னால் நிற்பதாக நினைத்துக்கொள்வேன்.

அப்படி அவர் எழுத்தில் கேட்டால், 21 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

ரசீதில் ‘மன அழுத்தச் சிகிச்சை’ என்று எழுதாதீர்கள். ‘ஆலோசனை, 1 மணி நேரம்’. அது அவர் கம்பெனியின் கணக்காளர் மேசைவரை போகலாம்.

படி 5: கைப்பேசி

தனி எண், முடிந்தால் தனிக் கைப்பேசி. தொடர்புப் பட்டியலில் கோப்பு எண் மட்டும். அறிவிப்பில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி அமைத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பை நம் ஆட்களிடமிருந்து பிரிக்க முடியாது, அதனால் அடக்கித்தான் வைக்க வேண்டும். வரும் படங்கள் தானாக கேலரியில் விழுவதை நிறுத்துங்கள். கிளையண்ட் அனுப்பிய ஐசி படம், உங்கள் பிள்ளையின் பிறந்தநாள் படத்துக்குப் பக்கத்தில் கிடக்கும். பேக்கப் அமைப்பைத் திறந்து முழுக் குறியாக்கத்தை இயக்குங்கள். அரட்டை பூட்டப்பட்டது என்று நம்பிக்கொண்டிருப்போம், ஆனால் மேகக்கணிக்குப் போகும் நகலுக்கு அந்தப் பூட்டை நாமே போட வேண்டும். மறையும் செய்திகளை 7 நாளுக்கு வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நான்கு நிமிடக் குரல் பதிவு வந்தால், காலையில் கேட்டு, தேவையானதை இரண்டு வரியில் கோப்பில் எழுதி, பதிவை அழித்துவிடுவேன்.

படி 6: தாள்

ஐசி நகல் வாங்கினால், அதன் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் எந்த விண்ணப்பத்துக்கு என்றும் தேதியும் எழுதுங்கள். நம் அம்மா அப்பா காலத்துப் பழக்கம்தான், இன்றும் பயன்படுகிறது. கோடு எழுத்தின்மேல் ஏறட்டும், முகத்தையும் எண்ணையும் மறைக்கக் கூடாது. மறைத்தால் கவுன்டரில் திருப்பி அனுப்புவார்கள்.

நகல் கடை பெரிய ஓட்டை. கோப்பை வாட்ஸ்அப்பில் கடைக்காரருக்கு அனுப்பி அச்சிட்டால், அது அவர் கணினியில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு முறை நகல் எடுக்கப் போனபோது, கண்ணாடியைத் திறந்தால் யாருடைய பிறப்புப் பத்திரமோ உள்ளே கிடந்தது. சின்ன பிரிண்டர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

கொண்டோ அடுக்குமாடியில் வீட்டிலேயே அறை வைத்திருந்தால், காவலர் கூண்டில் வருகைப் புத்தகத்தைப் பாருங்கள். பெயர், ஐசி, எந்த வீடு, என்ன வேலை என்று நாள் முழுவதும் திறந்தபடி இருக்கும். உங்களுக்கு முன் வந்தவர் யார் என்று பின்னால் வருபவர் நிதானமாகப் படிக்கலாம். நிர்வாகத்திடம் பேசி, ‘விருந்தினர்’ என்று மட்டும் பதிய வைத்தேன். அரை மணி நேரம் விட்டு அடுத்தவருக்கு நேரம் கொடுப்பதும் இதே காரணத்துக்காக.

படி 7: யாராவது கேட்டால்

கேட்பார்கள். திருடன் கேட்க மாட்டான், அன்பானவர்கள்தான் கேட்பார்கள். ஓர் அம்மா போன் செய்வார்: “மிஸ், எம் பொண்ணு உங்ககிட்ட வர்றாளாமே, என்னதான் சொல்றா?” பொண்ணுக்கு வயது இருபத்தாறு.

வாயில் தயாராக ஒரு பதில் வைத்திருங்கள். என்னுடையது: “அம்மா, யார் வர்றாங்க, யார் வரலைன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்லைம்மா. நீங்க வந்தாலும் அப்படித்தான். உங்களுக்குக் கவலையா இருந்தா உங்க கவலையைப் பத்திப் பேசுவோம்.” இரண்டாவது வாக்கியத்தில் பெரும்பாலும் குரல் இறங்கிவிடும். ‘அவங்க அனுமதி இல்லாம சொல்ல முடியாது’ என்று சொல்லிவிடாதீர்கள். அதிலேயே வருகிறாள் என்பது வெளியே வந்துவிட்டது.

பள்ளி, முதலாளி, காப்புறுதி நிறுவனம் கேட்டால், எழுத்தில் கேட்கச் சொல்லி, கிளையண்டின் கையெழுத்து வாங்கி, கேட்ட அளவு மட்டும் கொடுங்கள்.

படி 8: தொலைந்துவிட்டால்

எல்ஆர்டி ரயிலில் கைப்பேசியை விட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வேறு கருவியிலிருந்து அதைப் பூட்டுங்கள், மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றுங்கள், சிம்மை முடக்குங்கள், போலீஸ் புகார் செய்யுங்கள். பிறகு உட்கார்ந்து, அதில் யாருடைய என்ன விவரம் இருந்தது என்று எழுதுங்கள். படி 1இல் எழுதிய தாள் இப்போது கைகொடுக்கும்.

2025 ஜூன் 1 முதல், கணிசமான பாதிப்பு வரக்கூடிய கசிவு என்றால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். அதன் பிறகு ஏழு நாளுக்குள் சம்பந்தப்பட்டவருக்கும் சொல்ல வேண்டும். மனநல விவரம் உணர்திறன் மிக்கது என்பதால், நம்மைப் பொறுத்தவரை ஒரே ஒரு கோப்பு போனாலும் அது கணிசமானதுதான். சட்டம் ஏழு நாள் தருகிறது. நான் அன்றைக்கே அழைப்பேன். வேறு யார் வாயிலிருந்தும் அவர் அதைக் கேட்கக் கூடாது.

படி 9: எப்போது அழிப்பது

தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும் என்கிறது சட்டம், இத்தனை ஆண்டு என்று எண் சொல்வதில்லை. ரசீதுகளை வருமான வரிக்காக ஏழு ஆண்டு வைத்தாக வேண்டும். வழக்குப் போடப் பொதுவாக ஆறு ஆண்டு அவகாசம் இருப்பதால், கோப்புகளுக்கும் கடைசிச் சந்திப்பிலிருந்து ஏழு என்று வைத்துக்கொண்டேன். சிறுவர்கள் என்றால் பதினெட்டு வயது முடிந்ததிலிருந்து ஏழு. ஒரு தடவை அழைத்து விசாரித்துவிட்டு வராமலே போனவர்களின் விவரத்தை அந்த மாதக் கடைசியிலேயே எடுத்துவிடுவேன்.

‘சூராட் காபார் லாமா’ என்று ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வரும் பழைய பேப்பர் லாரியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். சின்ன வயதில் கச்சாங் பூத்தே வாங்கினால், கூம்பு மடித்த தாளில் யாருடைய பரீட்சை விடையோ இருக்கும். கடலையைத் தின்றுவிட்டு அவன் எத்தனை மார்க் என்று பார்ப்போம். அதனால் தாளை நாடாவாக அல்ல, பொடியாக வெட்டும் இயந்திரம் வாங்குங்கள்.

அழித்ததற்கும் பதிவு வேண்டும். கோப்பு எண், தேதி, எப்படி அழித்தேன், கையெழுத்து. பெயர் வேண்டாம். ஒவ்வொரு டிசம்பரிலும் பள்ளி விடுமுறையில் ஒரு மதியம் இதற்கு ஒதுக்குகிறேன். இயந்திரம் பத்துத் தாளுக்கு ஒரு முறை சூடாகி நின்றுவிடும், அது ஆறும்வரை தே தாரிக் குடிக்கலாம். கடைசியாகச் சாவி நோட்டைத் திறந்து, அந்த வரியைத் தடித்த கறுப்பு மையால் பின்பக்கமும் தெரியாதபடி அடித்துவிடுவேன்.