எம்எம்ஏ வார அட்டவணை: முதலில் கடினமான நாட்களை எண்ணுங்கள்

எம்எம்ஏ, அதாவது குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை விளையாட்டைப் பழக ஆரம்பித்தவர் வார அட்டவணை போட உட்கார்ந்தால் அது பெரும்பாலும் இப்படித்தான் வரும்: திங்கள் பாக்ஸிங், செவ்வாய் ரெஸ்லிங், புதன் ஜியு-ஜிட்சு (தரைச் சண்டை), வியாழன் முவே தாய் (தாய்லாந்துக் குத்து-உதைச் சண்டை), வெள்ளி வெயிட், சனி ஸ்பாரிங் (கூட்டாளியோடு நேருக்கு நேர் பயிற்சிச் சண்டை), ஞாயிறு ஓட்டம். ஒரு கட்டம்கூடக் காலியில்லை. பார்க்க நிறைவாக இருக்கும். மூன்றாவது வாரம் தோள் பிடித்துக்கொள்ளும், ஐந்தாவது வாரம் ஆளைக் காணோம். நானும் இப்படி ஒன்றை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

இந்த அட்டவணையில் எண்ணப்பட்டிருப்பது கலைகள். எண்ண வேண்டியது கடினமான நாட்களை. வேலைக்கோ கல்லூரிக்கோ போய்க்கொண்டே பயிற்சி செய்பவரின் உடம்பு வாரத்துக்கு இரண்டு கடினமான நாட்களைத் தாங்கும். பழகிய உடம்பாக இருந்தால் மூன்று. அவற்றை முதலில் குறித்துவிட்டு, நடுவில் 48 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். டெக்னிக் வகுப்பு, பேட் வேலை (கோச் பிடிக்கும் திண்டில் அடித்துப் பழகுவது), வெயிட் எல்லாம் அப்புறம் அவற்றைச் சுற்றி வந்து உட்காரட்டும்.

எது கடினம் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? விளையாட்டுப் பயிற்சியில் வெகுகாலமாகப் புழங்கும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். அதை நிமிடங்களால் பெருக்குங்கள். 90 நிமிட ரெஸ்லிங்குக்கு 8 போட்டால் 720. 60 நிமிட டெக்னிக் வகுப்புக்கு 4 போட்டால் 240. காகிதத்தில் இரண்டுமே ஒரு வகுப்புதான், உடம்புக்கு ஒன்று மற்றதைப் போல மூன்று மடங்கு. வாரக் கூட்டுத்தொகை 1500-லிருந்து திடீரென்று 2500-க்குத் தாவியிருந்தால், அடுத்த வாரம் முழங்காலோ முதுகோ ஏன் கெஞ்சுகிறது என்று வேறெங்கும் காரணம் தேட வேண்டாம்.

இந்த எண்களை எழுத ஆரம்பித்தால் இன்னொரு தவறும் கண்ணில் படும். பலருக்கு எல்லா நாளும் ஆறு, ஏழு என்றே இருக்கும். லேசாகச் செய்ய வேண்டிய நாளில் விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை. அதனால் முழுவேகம் வேண்டிய நாளில் கால் எழுவதில்லை. லேசான நாள் என்றால் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே டிரில் செய்யக்கூடிய நாள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஸ்பாரிங் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். வாரம் மூன்று முறை தலைக்கு முழு பலத்தோடு அடி வாங்குவது பயிற்சி ஆகாது. தசை ஆறிவிடும், மூளை அப்படி ஆறுவதில்லை. எம்எம்ஏ போட்டிகளை நடத்தும் பெரிய அமெரிக்க நிறுவனமான யுஎஃப்சியில் ஃபெதர்வெயிட் எடைப் பிரிவு சாம்பியனாக இருந்த மேக்ஸ் ஹாலோவே, கடுமையான ஸ்பாரிங்கை விட்டுவிட்டதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அமெச்சூருக்கு அதைவிடப் பெரிய அவசரம் என்ன? வாரம் ஒரு ஸ்பாரிங் போதும், அதுவும் பெரும்பாலான வாரங்களில் தொட்டு விளையாடுகிற வேகத்தில். அடி பட்டபின் தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுதல், மந்தம் எதுவாக இருந்தாலும் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்லும் வரை ஸ்பாரிங் அட்டவணையில் இருக்கவே கூடாது.

அடுத்தது எனக்கு மிக முக்கியமாகப் படுவது. நாளுக்கு ஒரு கலை என்று பிரித்துப் பழகுபவர்கள், அவற்றுக்கு நடுவில் இருக்கும் இடத்தைப் பழகுவதே இல்லை. 1993-இல் நடந்த முதல் யுஎஃப்சி போட்டியில் ராய்ஸ் கிரேஸி ஜியு-ஜிட்சுவை மட்டும் வைத்துக்கொண்டே வென்றார். எதிரில் நின்றவர்களில் பெரும்பாலோருக்குத் தரைச் சண்டை தெரியாது. இன்று எதிராளிக்கு எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் தெரியும். ஆட்டம் திரும்புவது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அந்த ஓரிரு நொடியில்.

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். ஜாப், கிராஸ் என்று இரண்டு நேர்க் குத்து விட்டுவிட்டு, எதிராளியின் இரண்டு காலையும் பிடித்து வீழ்த்தும் டபுள் லெக்குக்கு இறங்குகிறீர்கள். எதிராளி, போட்டி நடக்கும் கூண்டின் சுவரில் முதுகு மோதி நிற்கிறார். உங்கள் தலை அவர் விலாவில், கைகள் தொடைக்குப் பின்னால், ஆனால் பூட்ட முடியவில்லை. அவர் ஒரு கையை உங்கள் அக்குளுக்கு அடியில் நுழைத்துக்கொண்டு, மறு கையால் காதோரம் குத்துகிறார். இது பாக்ஸிங் வகுப்பில் வராது, ரெஸ்லிங் வகுப்பிலும் வராது. ஜியு-ஜிட்சு வகுப்பில் கார்டில், அதாவது மல்லாந்து எதிராளியைக் கால்களுக்கு நடுவில் பிடித்தபடி, நிதானமாகப் படுத்திருக்கப் பழகியவர், மேலிருந்து குத்து விழும்போதுதான் தன் முகம் திறந்துகிடப்பதை உணர்கிறார். 16 அவுன்ஸ் கிளவுஸுக்குப் பின்னால் ஒளிந்து பழகியவருக்கும் இதே கதிதான். எம்எம்ஏ கிளவுஸ் சிறியது, இடுக்கு வழியாகக் குத்து உள்ளே வந்துவிடும்.

அதனால் வாரத்தின் கடினமான நாட்களில் ஒன்றைக் கலப்புக்கே ஒதுக்குங்கள். அடித்துவிட்டு இறங்குவது, ஸ்ப்ரால் செய்து (காலைப் பிடிக்க வருபவரைக் கால்களைப் பின்னால் வீசித் தடுத்து) எழுந்தவுடன் அடிப்பது, சுவரோரம் கீழே விழுந்தவர் எழுந்து வருவது. இந்த மூன்றையே இரண்டு நிமிட ரவுண்டுகளாகச் செய்தாலும் போதும். கோச்சிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் நேரம் ஒதுக்குவார்கள்.

வெயிட் பயிற்சியில் நடக்கும் தவறு பெரும்பாலும் நாள் பற்றியது. ஒருமுறை இரவு கனமான டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பளு தூக்குவது) செய்துவிட்டு மறுநாள் மாலை ரெஸ்லிங் போனேன். எதிராளியைக் கீழே வீழ்த்தும் டேக்டவுனுக்குத் தாழும்போது தொடையின் பின்தசை இழுத்துப் பிடித்தது. முட்டி தரை விரிப்பைத் தொட்டது, கால் பின்னாலேயே நின்றுவிட்டது, அடுத்த நொடி என் கழுத்து எதிராளியின் கைக்குள். அன்றிலிருந்து வெயிட்டைக் கடினமான நாளிலேயே, சில மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்கிறேன். மறுநாள் உண்மையாகவே லேசான நாளாக மிஞ்சுகிறது. வாரம் இரண்டு முறை, நாற்பது நிமிடம். அதற்கு மேல் வேண்டியதில்லை.

ஸ்டாமினாவுக்கு என்று தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுபவர்களும் உண்டு. மெதுவான ஓட்டம் நல்லதுதான், இதயத்துக்கு அடித்தளம் போடும். ஆனால் சர்வதேச அமெச்சூர் விதிகளில் ஒரு போட்டி மூன்று நிமிட ரவுண்டுகள் மூன்று, இடையில் ஒரு நிமிட ஓய்வு. அந்த ஒரு நிமிடத்தில் மூச்சை மீட்டெடுக்கும் பழக்கம் வெறும் நெடுந்தூர ஓட்டத்தில் வராது. குத்துப் பையிலோ பேடிலோ மூன்று நிமிடம் முழுவேகம், ஒரு நிமிடம் ஓய்வு என்று வாரம் ஒரு முறை செய்யுங்கள். ரெஸ்லிங்கே அந்த வேகத்தில் நடந்தால் அதுவும் வேண்டாம்.

தூக்கத்தைக் குறைத்துக் காலைப் பயிற்சி சேர்க்காதீர்கள். தோலில் படை, கொப்புளம் இருந்தால் பயிற்சி விரிப்பின் பக்கமே போகாதீர்கள், கூடப் பயிற்சி செய்பவர்களுக்காகவும்தான்.

கடைசியாக, தவறவிட்ட நாள். செவ்வாய் வேலை இழுத்துவிட்டது என்று புதன் இரண்டு வகுப்பு செய்பவர்தான் சனிக்கிழமை கணுக்காலைத் திருப்பிக்கொள்கிறார். போன நாள் போனதுதான், சரி, விட்டுவிடுங்கள். ஞாயிறு மாலை அந்த வாரத்து எண்களைக் கூட்டிப் பார்த்து, அடுத்த வாரத்தின் இரண்டு கடினமான நாட்களை மட்டும் பேனாவால் எழுதுங்கள். மற்றதைப் பென்சிலில் எழுதினால் போதும். வியாழன் காலை படியில் இறங்கும்போது கால் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம்.