ஆட்டோபைலட்டை நம்பி வளிமண்டலத்துக்குள் இறங்கும்போது செய்யும் தவறுகள்

ஆர்பிட்டர் என்ற கணினி விண்வெளிப் பயண சிமுலேட்டரில் பீளமேடு விமான நிலையத்தை ஒரு கான்ஃபிக் (அமைப்பு) கோப்பாக எழுதிச் சேர்த்துவிட்டால், விண்வெளி நிலையத்திலிருந்து நேரே கோவைக்கு இறங்கலாம். எக்ஸ்ஆர்2 போன்ற விண்கப்பலில் ஆட்டோபைலட் தாக்குகோணத்தை, அதாவது எதிர்வரும் காற்றுக்கும் மூக்குக்கும் இடையிலான கோணத்தை, பிடித்துக்கொள்ளும். ஆனால் எங்கே இறங்குகிறோம் என்பது அதற்குத் தெரியாது. கப்பல் எரிவதும் கோவையைத் தாண்டி ஓடுவதும் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

முதல் தவறு, புரோகிரேட் ஆட்டோபைலட்டைப் போட்டபடியே காற்றுக்குள் நுழைவது. அது மூக்கைப் பயணத் திசையில் நேராக வைக்கும். தாக்குகோணம் கிட்டத்தட்ட பூஜ்யம். வயிற்றுப்புறம் வாங்க வேண்டிய சூட்டை மூக்கும் இறக்கை விளிம்பும் வாங்கும். நாசாவின் ஷட்டில் விண்கலம் 40 டிகிரி மூக்கைத் தூக்கி நுழைந்தும் அந்த இடங்கள் 1,650 டிகிரி செல்சியஸ் வரை காய்ந்தன. 120 கி.மீ. உயரத்துக்கு முன்பே 40 டிகிரியில் நிறுத்தி, இறக்கைகளைச் சமமாக வைத்துவிடுங்கள்.

அங்கே பாதைக் கோணம் கிடைமட்டத்துக்குக் கீழே 1.2 முதல் 1.5 டிகிரி இருந்தால் போதும். 3 டிகிரி என்றால் சூடும் அழுத்தமும் சேர்ந்து அடிக்கும்; அரை டிகிரி என்றால் குளத்தில் எறிந்த ஓட்டாஞ்சில்லு மாதிரி தத்திப் போகும். இதைப் பின்னால் ஆட்டோபைலட் திருத்தாது. அரைச் சுற்றுக்கு முன்னால் என்ஜினை எதிர்த்திசையில் எரித்து வேகத்தை 100 மீட்டர்/வினாடி அளவுக்குக் குறைக்கும் பிரேக்கிலேயே தீர்மானமாகிவிடும். வடகிழக்காக ஏறும் சுற்றில் கோவைக்கு 8,000 கி.மீ. முன்னால் காற்றுக்குள் நுழைவது என்றால், அந்த இடம் தென்னாப்பிரிக்காவுக்குத் தெற்கே நடுக்கடலில்!

அதிகம் பேர் சறுக்குவது இதற்குப் பிறகு. இறங்கும் வேகம் பூஜ்யத்தை நெருங்கி கப்பல் மேலே எழும்பத் தொடங்கும். பதறிப்போய் மூக்கைத் தாழ்த்துவார்கள். தாழ்த்தினால் காற்றின் இழுவை குறையும், கப்பல் இன்னும் நெடுந்தூரம் ஓடும், சூடும் முன்பக்கம் நகரும். செய்ய வேண்டியது கப்பலைச் சாய்ப்பது. 40 டிகிரியை விடாமல் 30, 45, 60 என்று படிப்படியாகச் சாய்த்தால் தூக்குவிசை பக்கவாட்டில் திரும்பி, உயரம் மீண்டும் குறையும். திம்பம் மலையில் 27 வளைவையும் லோடு லாரி கியரில் இறங்குவது போலத்தான். பிரேக்கை மட்டும் நம்பினால் லைனிங் கருகும். கோவை இருக்கும் திசையிலிருந்து பத்து டிகிரிக்கு மேல் விலகினால் மறுபக்கம் சாயுங்கள். ஒரே அடியில் 60லிருந்து மறுபுறம் 60க்குத் தள்ளினால் ஆட்டோபைலட் தடுமாறும்.

நேரத்தை வேகப்படுத்துவது இன்னொரு வம்பு. கணினி வினாடிக்கு 30 பிரேம் ஓடும்போது 10 மடங்கு வைத்தால், ஆட்டோபைலட் கப்பலைத் திருத்துவது மூன்றில் ஒரு வினாடிக்கு ஒருமுறைதான். மூக்கு மேலும் கீழும் ஆடி, ஆடியே உடையும். 150 கி.மீ.யிலேயே 1 மடங்குக்கு வந்துவிடுங்கள். அதே இடத்தில் கண்ட்ரோல்-எஸ் அழுத்திச் சேமித்தால், நடுவில் கரண்ட் போனாலும் அரை மணி நேர உழைப்பு வீணாகாது.

ரெட்ரோ (வேகம் குறைக்கும்) என்ஜின் கதவு, ஹோவர் (மேலே தூக்கும்) என்ஜின் கதவு, மூக்குக் கூம்பு, ரேடியேட்டர், சக்கரம் எல்லாம் மூடியிருக்க வேண்டும். ரெட்ரோவில் பிரேக் போட்டவர்கள் அதன் கதவை மறப்பது வழக்கம். திருப்பு ராக்கெட்டுகளான ஆர்சிஎஸ்ஸுக்கும் எரிபொருளை மிச்சம் பிடியுங்கள். காற்று மெலிந்த உயரத்தில் 40 டிகிரியைத் தாங்குவது அவைதான். காற்றுச் சுக்கான்களை அணைத்தே வைத்திருந்தால் கீழே வந்த பிறகும் ஆர்சிஎஸ்தான் மல்லுக்கட்டும், டாங்க் காலியாகும்.

கடைசி வரை 40 டிகிரியில் ஒட்டிக்கொள்வதும் தவறுதான். ஷட்டில் மாக் 10 (ஒலியைப் போல் 10 மடங்கு வேகம்) அளவிலிருந்து மெல்ல மூக்கைத் தாழ்த்தி, மாக் 2.5க்குள் 15 டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அதன் பிறகு கையால் ஓட்டுவதே நல்லது. பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து வந்தால் 05 ஓடுதளம் கிட்டத்தட்ட நேராக இருக்கும், ஆனால் நீளம் 3 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஆர்பிட்டர் 2016இல் நில உயரமும் உண்டு. பீளமேடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர். திரையிலுள்ள உயரம் கடலிலிருந்தா தரையிலிருந்தா என்று பார்த்த பிறகே சக்கரத்தை இறக்குங்கள்.