ஐரோப்பாவின் குடியேற்ற எதிர்ப்புக் கட்சிகள்: தேர்தல் முடிவை எப்படிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது?

ஐரோப்பாவில் எங்கே தேர்தல் நடந்தாலும் அன்றிரவே 'வலதுசாரி அலை' என்று தலைப்பு வந்துவிடும். அங்கே படிக்கப் போகிறவர்களும், புகலிட மனு போட்டுவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்களும் அதைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள். வாக்கு சதவீதத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு இந்த வரிசையில் பாருங்கள்.

வாக்கை இடமாக மாற்றுங்கள்

வாங்கிய வாக்குக்கு ஏற்ப இடங்களைப் பங்கிடும் விகிதாசார முறை உள்ள நாடு என்றால் கணக்கு எளிது. கட்சியின் வாக்கு சதவீதத்தை, நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த கட்சிகளின் மொத்த வாக்கு சதவீதத்தால் வகுத்து, மொத்த இடங்களால் பெருக்குங்கள். 2025 பிப்ரவரியில் ஜெர்மனியில் குடியேற்ற எதிர்ப்புக் கட்சியான ஏ.எஃப்.டி. பெற்றது 20.8%. அங்கே 5 சதவீதத் தடை இருக்கிறது; அதற்குக் கீழே வாங்கும் கட்சிக்குப் பொதுவாக இடம் கிடையாது. அதைத் தாண்டாத கட்சிகளிடம் ஏறக்குறைய 13.8% வாக்கு வீணானது. ஆக, 20.8 ÷ 86.2 × 630 = 152. அவர்களுக்குக் கிடைத்ததும் 152 இடங்கள்தான்.

தடைக்கு அருகில் நிற்கும் சின்னக் கட்சியைக் கவனிக்கத் தவறுவதுதான் பலரும் செய்யும் பிழை. அதே தேர்தலில் சாரா வாகன்க்னெக்டின் கட்சி 4.98 சதவீதத்தில் நின்றுபோனது. பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்குகள்தான் குறை. அது உள்ளே வந்திருந்தால் பின்னர் ஆட்சித் தலைவரான (சான்சலர்) மெர்ட்ஸின் இரு தரப்புக் கூட்டணிக்குப் பெரும்பான்மையே இருந்திருக்காது.

பிரிட்டனில் இந்தச் சூத்திரம் செல்லாது. அங்கே தொகுதிக்கு ஒருவர், நம் ஊர் மாதிரி. 2024 ஜூலையில் ரிஃபார்ம் கட்சி 14.3% வாங்கி 5 இடங்களே பெற்றது. 12.2% வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுகளுக்கோ 72. வாக்கு நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தால் இப்படித்தான் ஆகும். ஆகவே அங்கே எத்தனை தொகுதிகளில் இரண்டாமிடம் என்று பாருங்கள். ரிஃபார்முக்கு அது 98. இந்த முறையில் 30 சதவீதத்தை நெருங்கிய கட்சிக்கு இடங்கள் திடீரெனக் கொட்டும். அதே தேர்தலில் லேபர் கட்சி 33.7 சதவீதத்துக்கு 411 இடங்களை அள்ளியது.

பிரான்சில் இரண்டு சுற்று. பதிவு பெற்ற வாக்காளர்களில் 12.5% பேரின் ஆதரவு இருந்தால் மூன்றாமவரும் இரண்டாம் சுற்றுக்குப் போகலாம். 2024-இல் முதல் சுற்றில் முந்தியது லு பென் குடும்பத்தின் 'தேசியப் பேரணி' கட்சிதான். உடனே மற்ற அணிகளின் வேட்பாளர்கள் 200-க்கும் மேற்பட்டோர் விலகி, எதிர்ப்பு வாக்கைப் பிரியாமல் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கட்சி மூன்றாமிடத்துக்கு இறங்கியது. எனவே முதல் சுற்று இரவில் எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஆனால் அந்தத் தடுப்பு நாளுக்கு நாள் மெலிகிறது. அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் லு பென் குடும்பம் வாங்கியது 2002-இல் 17.8%, 2017-இல் 33.9%, 2022-இல் 41.5%. 2027 அதிபர் தேர்தலை நினைத்துக் கவலைப்படுவோர் இந்த வரிசையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

யார் கைகொடுப்பார்கள்?

முதலிடம் பிடித்தால் ஆட்சி என்று பொருளல்ல. ஆஸ்திரியாவில் 2024 செப்டம்பரில் சுதந்திரக் கட்சி 28.8% வாங்கி முதலில் வந்தது. கூட்டணிப் பேச்சு முறிந்து, மற்ற மூன்று கட்சிகள் அரசு அமைத்தன. நெதர்லாந்தில் வில்டர்ஸ் கட்சி 37 இடங்களோடு ஆட்சியில் சேர்ந்தது. ஓராண்டு முடியுமுன் அவரே வெளியேறினார். 2025 அக்டோபர் தேர்தலில் 26 இடங்களுக்கு இறங்கினார். ஸ்வீடன் ஜனநாயகக் கட்சியினருக்கோ 2022 தேர்தலுக்குப் பின் ஓர் அமைச்சர் பதவிகூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் அரசுக்கு ஆதரவு தர ஈடாகப் போட்ட 2022-இன் டிடோ ஒப்பந்தம் வழியாகக் குடியேற்றக் கொள்கையில் தாங்கள் கேட்டதில் பெரும்பகுதியைச் சாதித்துக்கொண்டார்கள். பதவியைவிட ஒப்பந்தத்தின் வாசகம் முக்கியம். அதைத் தேடிப் படியுங்கள்.

மூன்றில் ஒரு பங்கையும் பாருங்கள். துரிங்கியா மாநிலத்தில் ஏ.எஃப்.டி.க்கு 88-இல் 32 இடங்கள். ஆட்சி இல்லை. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்படும் எதையும் அவர்களால் நிறுத்திவைக்க முடியும். மாநில அரசியல் சட்டத் திருத்தமும் அதில் அடக்கம்.

பேச்சை விட்டு, சட்டத்தைப் பாருங்கள்

புகலிடம், வேலை விசா இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வையுங்கள். இத்தாலியில் மெலோனி அரசு கடல்வழி வருபவர்களை அல்பேனியாவுக்கு அனுப்ப முயன்றது, நீதிமன்றங்கள் தடுத்தன. அதே அரசுதான் 2023 முதல் 2025 வரை 4,52,000 வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அனுமதி ஒதுக்கியது. வயலுக்கும் முதியோர் பராமரிப்புக்கும் ஆள் வேண்டும். மேடையில் என்ன முழங்கினாலும் அந்தத் தேவை போய்விடாது.

டென்மார்க்கில் டேனிஷ் மக்கள் கட்சி 2015-இல் 21.1% வாங்கியது, 2022-இல் 2.6%. கட்சி தேய்ந்ததே தவிர அதன் கொள்கை தேயவில்லை. மைய இடதுசாரிகளான சமூக ஜனநாயகக் கட்சியினரே அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் கணிப்பில் ஐரோப்பாவின் அடுத்த பத்தாண்டுக்கு இதுதான் பெரிய ஆபத்து. இந்தக் கட்சிகள் தோற்றாலும் புகலிடம் தேடுவோருக்குக் கதவு சாத்தப்படும்.

ஆகவே உறவினர் யாராவது புகலிடம் கோரியிருந்தால், தேர்தல் செய்தியோடு ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய குடியேற்ற ஒப்பந்தத்தையும் பாருங்கள். அது நடைமுறைக்கு வரக் குறித்த நாள் 2026 ஜூன் 12. மனுதாரரின் நாட்டைச் சேர்ந்தவர்களின் மனுக்கள் ஒன்றியம் முழுவதும் ஏற்கப்படும் விகிதம் 20 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால், எல்லையில் வந்து கேட்பவரின் மனு 12 வாரத்தில் முடிக்கப்படும் எல்லை நடைமுறைக்குப் போகும். அங்கிருந்து வருபவர்களுக்குப் பொதுவாகப் புகலிடம் தேவையில்லை என்று கருதப்படும் 'பாதுகாப்பான நாடுகள்' என ஐரோப்பிய ஆணையம் 2025 ஏப்ரலில் முன்வைத்த பட்டியலில் இந்தியாவும் இருக்கிறது. உங்கள் நாட்டின் ஏற்பு விகிதத்தை முதலில் பாருங்கள். வழக்கறிஞரிடம் போகும்போது அதைக் குறித்துக்கொண்டு போங்கள்.