இத்தாலிய பாணியில் வேட்டையில் விழுந்த பறவை: எண்ணெய் வண்ணத்தில் வரையும் முறை

தூரிகையைத் தொடும் முன் வெனிஸ்காரர் யாக்கோப்போ தே பார்பாரி 1504-இல் வரைந்த சிறிய பலகை ஓவியத்தைத் தேடிப் பாருங்கள், இப்போது மியூனிக்கின் ஆல்ட்டே பினாகோதெக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு கவுதாரி, இரும்புக் கையுறைகள், ஒரு குறுக்குவில் அம்பு, பின்னால் மரச்சுவர், கீழே மடித்த காகிதத்தில் கையெழுத்து, அவ்வளவுதான். ஆழமே இல்லாத இடம், ஆனாலும் கையை நீட்டி எடுத்துவிடலாம் போலத் தோன்றும், ஏனென்றால் பொருள்களின் நிழல் சுவரில் விழுகிறது, கவுதாரி தன் எடையில் தொங்குகிறது. இறகை எத்தனை நுணுக்கமாக வரைந்தாலும் எடை தெரியாவிட்டால் இந்த வகைப் படம் நிற்காது.

18-ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸில் பல்தஸ்ஸாரே தே காரோ பறவைகளையும் முயல்களையும் குவித்து, பக்கத்தில் நாய்களையும் வைத்துப் பெரிய கித்தான்களில் வரைந்தார். வேட்டை என்றால் உயிரை விடும் பூர்போன் வம்ச மன்னர் கார்லோ அப்போது அங்கே ஆண்டார், அதனால் இதற்கு ஆதரவும் இருந்தது. ஆனால் தொடங்குகிறவர்களுக்குச் சுவர், ஆணி, ஒற்றைப் பறவை போதும்.

மாதிரிக்காக எதையும் கொல்ல வேண்டாம். பாடம் செய்த பறவை கிடைத்தால் இறகின் நிறத்துக்கு உதவும், ஆனால் அதை உயிரோடு நிற்பதுபோலச் செய்திருப்பார்கள், கழுத்து தொங்காது. தொங்கலைப் படிக்க ஒரு பழைய காலுறையில் பாதிக்கு மணல் நிரப்பி நூலில் கட்டி ஆணியில் மாட்டுங்கள், எடை எங்கே இறங்கித் திரள்கிறது, மேலே துணி எப்படி இழுபடுகிறது என்று பார்த்துப் பென்சிலில் நாலைந்து தடவை வரையுங்கள். காலில் கட்டித் தொங்கும் பறவைக்கும் இதே கதைதான்: கால்கள் விறைப்பாக நீளும், மார்பு கீழே திரளும், இறக்கை தளர்ந்து விரியும், கழுத்து நீண்டு தலை ஒரு பக்கம் சாயும்.

சரி, கித்தானுக்கு வருவோம். வெள்ளைப் பரப்பில் தொடங்காதீர்கள். ரா அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணம் கொஞ்சம் சேர்த்து டர்பன்டைனில் கரைத்து மெல்லிய செம்பழுப்புப் பூச்சு கொடுத்துக் காயவிடுங்கள், 17-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர்கள் பலரும் இப்படிக் கருத்த தளத்தின் மேல்தான் வேலை செய்தார்கள், அதில் நிழல் பாதி தானாகவே வந்துவிடும். விளக்கு ஒன்றே ஒன்று, இடப்பக்கம் மேலே. முதல் அடுக்கில் வெளிச்சம், நிழல் என இரண்டே பெரிய பகுதிகள். எண்ணெய் குறைந்த அடுக்கு கீழே, கூடியது மேலே, இதை மாற்றினால் பின்னால் வண்ணத்தில் விரிசல் விடும்.

அப்புறம் இறகு. ஒவ்வொன்றாக வரையாதீர்கள்! வயிற்றுப் பகுதியை ஈரத்தின் மேலேயே அகலத் தூரிகையால் மென்மையாகக் கலந்துவிட்டு, இறக்கையின் நீண்ட இறகுகளுக்கு மட்டும், அதுவும் வெளிச்சம் விழும் விளிம்பில், கூர்மையான கோடு கொடுங்கள். நிழல் பக்கத்து ஓரங்கள் பின்னணியில் கரைந்து போகட்டும். வெள்ளையை வால்நட் எண்ணெயில் குழைத்தால் ஆளி விதை எண்ணெயைவிடக் குறைவாக மஞ்சளாகும், பழைய இத்தாலிய ஓவியர்களும் அதைத்தான் விரும்பினார்கள். ரத்தம் வேண்டுமென்றால் அலகு நுனியில் ஒரு துளி, கருஞ்சிவப்பில், அதற்கு மேல் வேண்டாம்.

சுவரில் விழும் நிழலைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள், பறவையோடு சேர்த்தே வரையுங்கள். சுவரை ஒட்டிய இடத்தில் அது அடர்த்தியாக, விளிம்பு தெளிவாக இருக்கும், உடல் விலகும் இடத்தில் ஓரம் மங்கும், பறவை சுவரிலிருந்து எவ்வளவு தள்ளித் தொங்குகிறது என்பதைச் சொல்வது இதுதான்.

எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றி மூடிய உலோகப் பாத்திரத்தில் வையுங்கள். வார்னிஷை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.