வாட்ச் சொன்ன தூக்கமும் நான் தூங்கிய தூக்கமும்

தூக்கமின்மைக்கான சிபிடி-ஐ (CBT-I) என்ற, தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பயிற்சியை ஒரு செயலி வழியாகச் செய்தபோது கையில் ஸ்மார்ட் வாட்ச்சும் இருந்தது. என் கணக்கும் வாட்ச்சின் கணக்கும் ஒத்துப்போகவே இல்லை. ஐந்து மணி நேரம்தான் தூங்கியிருப்பேன் என்று தோன்றும் நாளில் வாட்ச் ஏழு என்று காட்டும். அது அசைவையும் இதயத் துடிப்பையும் வைத்துத்தான் ஊகிக்கிறது. கண் விழித்தபடி ஆடாமல் அசையாமல் கிடந்தால் அதுவும் தூக்கக் கணக்கில் சேர்ந்துவிடும்.

இதில் சிக்கல் என்னவென்றால், இந்தப் பயிற்சியில் முதலில் படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பார்கள். பிறகு செயலி, தூங்கிய நேரத்தைப் படுக்கையில் இருந்த நேரத்தால் வகுக்கும். விடை 85 சதவீதத்தைத் தாண்டினால்தான் படுக்கை நேரத்தைக் கொஞ்சம் கூட்டும். எட்டு மணி நேரம் படுத்திருந்தால், வாட்ச் கணக்குப்படி 87; என் கணக்குப்படி 62. சிகிச்சையே திசை மாறிவிடும்!

அதனால் காலையில் வாட்ச்சைப் பார்ப்பதற்கு முன்பே என் மதிப்பீட்டை நாட்குறிப்பில் போட்டுவிடுவேன். தூக்க மதிப்பெண் அறிவிப்பை அணைத்தேன். கையைத் தூக்கினால் திரை ஒளிர்வதையும் நிறுத்தினேன். நடுராத்திரியில் மணி பார்ப்பதுதான் பதற்றத்துக்குத் தீனி.

வாட்ச்சைக் கழற்றி எறியவில்லை. தினமும் ஒரே நேரத்தில் எழ அதன் அதிர்வு அலாரம் அருமை. ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று அது போடும் வண்ணப் பட்டைகளை மட்டும் கண்டுகொள்வதில்லை.

அப்புறம் ஒன்று: படுக்கை நேரத்தைக் குறைக்கும் ஆரம்ப வாரங்களில் பகலில் கண் சொக்கும், வண்டி ஓட்டுவதில் கவனம். வலிப்பு, இருமுனையக் கோளாறு (பைபோலார் என்ற மனநிலைக் கோளாறு) உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது.